விஜியின் மலையில் ஒரு வளைவு

போளூர் பேருந்து நிலையத்தில் நடத்துனர் என் அட்டைப்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, ஃபிரிட்ஜா?” என்றார்.

“சைக்கிள்.”

“சைக்கிள எதுக்குப் பொட்டியில போட்டு எடுத்துனு வர்றீங்க? ஓட்டினு வர்லாமில்ல?”

மலேசியாவிலிருந்து கொண்டுவருகிறேன் என்றேன். பேருந்துக்காக நின்றிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. “அம்மாந்தூரத்துலேர்ந்தா? ஏம்மா, வேலூர்ல சைக்கிள் கடையே இல்லியா?” என்று கூடையோடு நின்ற பெண் ஒருத்தி உண்மையான கவலையோடு கேட்டாள். எங்கள் ஊர் தைப்பிங்கில் எனக்கே ஒரு சைக்கிள் கடை இருக்கிறது என்று சொல்லி அவளை மேலும் குழப்ப விரும்பவில்லை.

கடைசி இருக்கையில் இருந்தவர்கள் பெரிய மனதோடு தங்கள் மடியைக் கொடுத்தார்கள். பெட்டி அவர்கள் மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் அது இடமும் வலமுமாக நகர ஆரம்பித்தது. ஓரத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு வளைவிலும், “யம்மா, உன் சைக்கிளு எம்மேல ஏறுது” என்று அறிவித்தார். அடுத்த வளைவில் எதிர் ஓரத்தில் இருந்தவர் அதையே சொன்னார். பேருந்தே சிரித்துக்கொண்டு மலையேறியது.

நான் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சரிவைப் பார்த்தாலும் அதில் ஓர் ஒற்றையடிப்பாதை. மரங்களுக்கிடையே நுழைந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு, நீரோடையில் இறங்கி மறுகரையில் ஏறிப் போகிறது. எங்கள் ஊரில் அப்படி ஒரு பாதை வேண்டுமென்றால் நானும் என் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளும் மாதக்கணக்கில் மண்வெட்டியோடு அட்டைப்பூச்சிக் கடியில் கிடக்க வேண்டும். வெட்டி முடிக்கும்போது மழை வந்து பாதியைக் கொண்டுபோகும். மீதியைப் புல்டோசர் கொண்டுபோகும். இங்கே மனிதர்களும் மாடுகளும் நடந்து நடந்தே எல்லாம் தயாராகிச் சும்மா கிடக்கின்றன. மலை ஏறி முடிப்பதற்குள்ளேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

விஜியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போளூர்ப் பெண். எங்கள் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, சில வருடம் என் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். அப்போது அவளுக்கு மிதிக்கத் தெரியும், அவ்வளவுதான். மலைச் சைக்கிளை நான்தான் கற்றுக்கொடுத்தேன். ரப்பர் பால்மரக் காட்டுச் சரிவில் அவள் பின்னாலேயே ஓடி, “பின் பிரேக்! பின் பிரேக்!” என்று கத்தித் தொண்டை கட்டிப்போன மாலைகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினாள், கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஜவ்வாது மலையில், மலைக்காரக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து சைக்கிள் தடம் ஒன்றை உருவாக்கி, அதன் வீடியோவை எனக்கு அனுப்பினாள். “அக்கா, வந்து ஓட்டிப் பார்த்து நல்லா இருக்குதான்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை பெங்களூருலேர்ந்தும் வேலூருலேர்ந்தும் ஆளுங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி நீ ஓட்டணும்.”

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் நான் வெட்டிய மூன்றாவது தடத்தின் மேல் அந்த மாதம்தான் வீடமைப்புக் கம்பெனி வேலி போட்டிருந்தது. வாழ்த்தத்தான் போகிறேன் என்று கூட்டாளிகளிடம் சொன்னேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் விஜி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கறுத்து, இறுகி, நன்றாக இருந்தாள். அவள் கணவர் ஏழுமலை என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தன் சின்னச் சரக்கு வண்டியில் வைத்தார். எங்கள் வீட்டில் என் சைக்கிளைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான். டீக்கடை, காய்கறிக்கடை, பேருந்து நிழற்குடை என்று போகிற இடமெல்லாம், “இன்னா விஜிம்மா, ஊருலேர்ந்து ஆளா?” என்று விசாரித்தார்கள். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த என்னிடம் அங்கே பஞ்சர் ஒட்டுவதற்கல்லாமல் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

டீ மட்டும் எனக்குச் சாதகமாக இருந்தது. “எங்க ஊர்ல இழுத்து ஆத்துற தே தாரிக் குடிச்சவளுக்கு இது வெந்நீர்” என்றேன். விஜி சிரித்தாள்.

பாதி வழியில் வண்டியின் டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டு, “பேஜாரு புடிச்ச வண்டி” என்று அதை ஓர் உதை உதைத்தார். விஜிக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. “பொட்டியப் பிரிக்கா. இங்கேர்ந்து நம்ம ஓட்டினே போயிடலாம்” என்றாள். சாலையோரத்திலேயே பெட்டியைப் பிரித்துச் சக்கரம் மாட்டினேன். அவள் சைக்கிள் வண்டியிலேயே இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் கடைசித் திருகாணி முறுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய ஜோடிக்கிறாப்பல ஜோடிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலையை விட்டிறங்கிய உடனே மண் தெரிந்தது. அதை எப்படி விளக்குவது? சிவந்த, காய்ந்த, அதே சமயம் தூசியாகப் பறக்காத மண். டயரை ஒரு கை பிடித்துக்கொள்வதுபோல் பிடித்தது. எங்கள் மண் வழுக்கும், பிசுபிசுக்கும், சங்கிலிக்குள் புகுந்து அரைக்கும். நான் இருபது வருடம் களிமண்ணோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இவள் ஒரு நாள்கூட இந்த மண்ணைத் திட்டியிருக்க மாட்டாள்.

“எப்படிக்கா கீது?” என்று முன்னாலிருந்து கத்தினாள்.

“ரொம்பக் காஞ்சிருக்கு” என்றேன்.

தங்கியது மல்லிகாவின் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில். மல்லிகாவும் அவள் கணவரும் மலைக்காரர்கள். சாமையும் கேழ்வரகும் பயிரிடுகிறார்கள், சில புளியமரங்களும் உண்டு. தடம் தொடங்குவதே அவர்களுடைய அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில்தான். வருகிறவர்களுக்குச் சமையல் மல்லிகா பொறுப்பு. அன்று சாமைச் சோறும் மொச்சைக் கொட்டைக் குழம்பும் வறுத்த கருவாடும். நான் மூன்றாவது முறை சோறு வாங்கியதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க ஊருல மலை கீதுங்களா?” என்று கேட்டாள்.

“இதைவிடப் பெரிசு. எப்பவும் பச்சையா இருக்கும். வருஷம் பூரா மழை.”

“வருசம் பூராவா?” மல்லிகா பெருமூச்சு விட்டாள். “குடுத்து வெச்சவங்க.”

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த மலையில் ஓர் ஆள் இருந்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் விஜி உடனே அதைக் கெடுத்தாள். “மல்லிகாக்கா, இந்த அக்காதான் எனக்குக் குரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவங்க சொல்லிக் குடுத்தது” என்றாள். குரு என்ற சொல்லுக்கு வயதாகிவிட்டது என்றும் ஒரு பொருள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் முழுத் தடத்தையும் ஓட்டினோம். சாமைத் தாள் நிற்கிற கொல்லையில் மெதுவாகத் தொடங்கி, நாவல் மரங்களும் கடுக்காய் மரங்களும் இருக்கிற சரிவில் அலை அலையாக இறங்குகிறது. பிறகு ஒரு மூங்கில் புதரின் நடுவே இருட்டாகப் போய், வறண்ட ஓடைக்குள் விழுந்து, உருண்டைக் கற்கள் மேல் கடகடவென்று ஓடி, மறுகரையில் மூச்சு வாங்க ஏறுகிறது. மேலே போனால் திடீரென்று வெளிச்சம். அங்கிருந்து ஒரு நீண்ட இறக்கம். ஒரு காட்டுக்கோழி என் முன்சக்கரத்துக்கு முன்னால் பறந்தது. காதில் காற்று அடைத்தது. ஒரு பாறை வந்தது, தடம் அதை ஒட்டி வளைந்தது, அப்புறம் புளியந்தோப்பு, குளம், முடிந்தது.

குளக்கரையில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மல்லாந்து படுத்தேன். கண்ணில் நீர் வந்திருந்தது. காற்றினால் என்று சொல்லிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் வெட்டிய எந்தத் தடமும் இதற்குக் கிட்டே வராது.

விஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள்.

“மூங்கில்கிட்ட ரொம்பக் குறுகல்” என்றேன். “ஓடையில கல்லு ஒதுக்கணும். ஏத்தத்துல மழை வந்தா அரிச்சிடும். பெயர்ப்பலகை கோணலா இருக்கு.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம்தான் நான் நிஜமான ஒன்றைச் சொன்னேன். “அந்தப் பாறை வளைவு ஆபத்து, விஜி. இறங்குற வேகத்துல வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியல. வளைவு தாண்டின உடனே ஒரு நடைபாதை குறுக்கே போகுது. யாராச்சும் வந்தாங்கன்னா?”

“அதுல யாரும் வர்றதில்லக்கா.”

“பாதை தேஞ்சு கிடக்குதே. யாரும் வராமலா?”

விஜி ஒரு புல்லைப் பிடுங்கிக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “அக்கா, நீ வந்ததுலேர்ந்து பார்க்குறேன். டீ சரியில்ல, மண்ணு காஞ்சிருக்குது, பலகை கோணலா இருக்குது. இந்த டிராக்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் அந்த வளைவுதான். அதையும் சொல்லிட்ட. ஒண்ணாவது நல்லா இருக்குதுன்னு உன் வாயிலேர்ந்து வரலியே.”

“அதுவும் இதுவும் ஒண்ணில்ல விஜி. இது நிஜம்.”

“அப்ப மத்ததெல்லாம் பொய்யா?”

அவள் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அன்று சாப்பிடும்போது ஏழுமலை மட்டும் பேசிக்கொண்டிருந்தார், டயர் விலையைப் பற்றி.

படுத்த பிறகு என்னையே ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அந்த வளைவு உண்மையிலேயே ஆபத்தா? அல்லது ஆபத்தாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனா? கடையில் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால், சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். என் கண்ணையும் காதையும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. இப்போது பொறாமை கண்ணில் விழுந்த தூசிபோல உறுத்திக்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பாறைக்கு நடந்து போனேன். அதன் மேல் ஏறி உட்கார்ந்து நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி இருந்தது, எங்கள் ஊரில் போர்வைகூடத் தேவைப்படாது, இங்கே பல் கிடுகிடுத்தது. வெயில் ஏறியது. ஒரு நாய் போனது. ஒரு கன்றுக்குட்டி வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மனிதர் யாரும் வரவில்லை. வரவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கவனித்தபோது வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்து மல்லிகாவிடம் விசாரித்தேன். அவள் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். “அந்த வழியில இப்ப யாரு வர்றாங்க? புளி உலுக்க ஆரம்பிச்சாத்தான் ஜனங்க வருவாங்க. அதுக்கு இன்னும் நாள் கீதுங்க” என்றாள்.

அப்படியானால் விஜி சொன்னதுதான் சரி. நான் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு அவளிடம் போனேன். “காலையில போய் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரல” என்றேன்.

“அதான் சொன்னேனே” என்றாள். முகம் உடனே மலர்ந்துவிட்டது. இத்தனை சுலபமாகக் கோபம் தீருகிற சுபாவத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான். “சாயந்தரம் ஒரு வாட்டி சும்மா ஜாலியா ஓட்டலாம்க்கா. குறை சொல்லாம.”

சாயங்காலம் வெயில் சாய்ந்த நேரத்தில் கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். மூங்கில் இருட்டில் அவள் சிவப்புச் சட்டை மட்டும் தெரிந்தது. நான் கற்றுக்கொடுத்த விதத்தில்தான் ஓட்டினாள். முழங்கை விரிந்திருக்கிறது, பார்வை தூரத்தில் இருக்கிறது, பிருஷ்டம் இருக்கையில் படவே இல்லை. ஆனால் என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. நான் தடத்தோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்குவேன். இவள் அதனோடு பேசிக்கொண்டு இறங்கினாள். ஏற்றத்தில் இடைவெளி விழுந்தது. நான் மேலே வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் நீண்ட இறக்கத்தில் கால்வாசி போயிருந்தாள்.

நான் தடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் யாரும் தடத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பாறைக்கு அந்தப் பக்கம், மரங்களின் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கோணி மூட்டை அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தலையில் மூட்டைகளோடு பெண்கள் வரிசையாக நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள்.

“விஜி! பின் பிரேக்! பின் பிரேக்!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஏன் என்று யோசிக்கவுமில்லை. அந்தக் கத்தலுக்கு அவள் கை தானாகவே அழுத்தியிருக்க வேண்டும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணைக் கிழித்தது. சைக்கிள் குறுக்காகத் திரும்பி, சறுக்கிக்கொண்டே பாறைக்குப் பின்னால் மறைந்தது. ஓர் அலறல் கேட்டது. பிறகு பல அலறல்கள்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வளைவைத் தாண்டினால் விஜி நடைபாதையின் ஓரத்தில் பக்கவாட்டில் கிடந்தாள். சைக்கிள் அவள் கால் மேல். ஒரு முழம் தள்ளி ஒரு வயதான அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையிலிருந்த மூட்டை கீழே விழுந்து வெடித்து, புளியம்பழங்கள் பாதை முழுக்கச் சிதறியிருந்தன. யாருக்கும் அடி இல்லை. விஜியின் முழங்கை மட்டும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று அந்த அம்மாள் தொடங்கினாள். “பொம்பள புள்ளையா நீ? வூட்டுல சோறாக்குற வேல இல்லியா? இன்னாத்துக்கு இப்டி வந்து வுழுற? நான் செத்திருந்தா உங்கப்பனா வந்து தூக்குவான்?” மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வியாபாரி இந்த வருடம் இந்தச் சரிவு மரங்களை முன்கூட்டியே பேசிவிட்டானாம், சாயங்காலம் வண்டி வருகிறதாம், ஜல்தியாகச் சுமந்துகொண்டு போகிற நேரத்தில் இந்தச் சனியன் வந்து விழுந்ததாம். திட்டிக்கொண்டே ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்து விஜியின் முழங்கையில் கட்டினாள்.

எல்லோருமாகக் குனிந்து புளியம்பழங்களைப் பொறுக்கினோம். விஜியும் பொறுக்கினாள். அவள் எடுத்த பழங்கள் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தன. பெண்கள் போன பிறகு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எப்படிக்கா தெரிஞ்சுது உனக்கு?”

“அந்தப் பக்கமே பார்த்துகிட்டு வந்தேன்.”

“ஏன்? யாரும் வரலன்னு நீயே சொன்னியே?”

பொய் சொல்ல நேரமிருந்தது. ஆனால் மனம் வரவில்லை. “யாராச்சும் வரணும்னு பார்த்தேன்டி” என்றேன். “வந்தா நான் சொன்னது சரின்னு ஆகுமில்ல. உன் தடத்துல ஒரு குறையாவது நிஜமா இருக்கணும்னு எனக்கு இருந்தது.”

விஜி என் பக்கம் திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். “அவ்ளோ நல்லாவா கீது என் டிராக்கு?” என்றாள்.

“அவ்வளவு நல்லா இருக்கு” என்றேன். வந்ததிலிருந்து அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாகியது. “நல்ல வேள பொறாமப்பட்டக்கா” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. மறுநாள் காலையிலேயே அந்த இடத்துக்கு மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போனோம். ஏழுமலை வளைவுக்கு முன்னால் பெரிய எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும் என்றார். மல்லிகா, ஞாயிற்றுக்கிழமை புளி உலுக்க வேண்டாம் என்று ஜனங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். விஜி இரண்டுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். “அவுங்க வழி அது. நம்மதான் விலகணும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ சொல்லுக்கா.”

நான் அந்தச் சரிவை மேலும் கீழுமாக நடந்தேன். ஒரு தடத்தில் ஆளை மெதுவாக்க வேண்டுமென்றால் பலகை வைத்துப் பயனில்லை, ஏற்றத்தை வைக்க வேண்டும். இறக்கத்தைப் பாறைக்கு முன்னாலேயே உடைத்து இடது பக்கம் திருப்பினால், பாறையின் முதுகில் ஏறலாம். அங்கே ஓடு போல ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. யாரும் வேகமாக ஏற முடியாது. மூச்சு வாங்கித்தான் மேலே வருவார்கள். அங்கிருந்து அகலமாக ஒரு வளைவு எடுத்து மெதுவாக இறங்கினால், நடைபாதை நன்றாகத் தெரிகிற வெட்டவெளியில் வந்து சேரும். சைக்கிள்காரரும் சுமைக்காரரும் ஒருவரையொருவர் தூரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உண்ணிச்செடியை வெட்டினோம். கல் புரட்டினோம். மல்லிகாவின் கணவர் பழைய வளைவை முள்ளும் கட்டைகளும் போட்டு அடைத்தார். புளிச் சுமையோடு வந்த அதே வயதான அம்மாள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “இந்தாண்ட ஒரு கல்லு ஆடுது பாரு” என்று விஜியைத் திட்டும் குரலிலேயே உதவினாள். என் கையில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. தைப்பிங்கில் அந்த மாதிரி உழைத்திருந்தால் இடுப்பளவு சேறாகியிருப்பேன். இங்கே வெட்டினால் வெட்டினபடியே நிற்கிறது, அடித்தால் அடித்தபடியே இறுகுகிறது. என் ஆயுசில் மண் ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டது அங்கேதான்.

முடித்த பிறகு முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி விஜி ஒதுங்கி நின்றாள். இறக்கத்தில் வந்தேன், இடது பக்கம் திருப்பினேன், பலகைக்கல்லில் எழுந்து நின்று மிதித்தேன். கடைசி மிதியில் தலை மேலே வந்ததும் மரங்கள் சட்டென்று விலகின. மலை அங்கே முடிந்து, கீழே போளூர்ப் பக்கத்துச் சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. ஏரிகள் தகடு தகடாகப் பளபளத்தன. தூரத்தில், புகைமூட்டத்தில், திருவண்ணாமலை தனியாக நின்றது. வேலை செய்த நாட்களில் குனிந்தே இருந்ததால் இதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. சைக்கிளில் ஏறி வந்து, மூச்சு முட்டுகிற அந்த நொடியில்தான் அது அப்படித் திறந்துகொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. விலையுயர்ந்த சைக்கிள்கள், பளபளக்கும் ஹெல்மெட்டுகள். ஒவ்வொருவராக அந்தப் பாறை மேல் ஏறி வந்து, ஒவ்வொருவராகக் காலை ஊன்றி நின்றுவிட்டார்கள். அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. மல்லிகா கொள்ளு ரசத்தைக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், தான் எத்தனையோ நாடுகளில் ஓட்டியிருப்பதாகவும், இந்தப் பாறைபோல் ஒன்றை எங்கும் பார்த்ததில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். விஜி என்னைக் காட்டி, “இவங்க போட்டதுங்க” என்றாள்.

“அப்படியா? உங்கள் ஊர்த் தடங்களும் இப்படித்தான் இருக்குமா?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“இல்லை” என்றேன்.

இப்போது தைப்பிங்கில் மழை பெய்துகொண்டிருக்கிறது. நாங்கள் நான்காவது தடத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், அட்டைகள் நிறைந்த ஒரு மேடு. என் பொறாமை குறைந்துவிட்டதா என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். போகும்போது விஜி செய்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது நானே செய்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நான் போட்டவற்றில் மிக நல்லது கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொருத்தியின் மலையில் இருக்கிறது. அவள் நினைத்த போதெல்லாம் ஓட்டலாம்.

நேற்று விஜி அழைத்தாள். “இப்பதான்க்கா பாறைக்குப் போய்ட்டு வர்றேன்” என்றாள். அவள் இன்னும் மூச்சு வாங்குவது கேட்டது. “இன்னிக்குப் பனியே இல்ல. அண்ணாமலையார் மலை கையால தொடலாம்போல...”

“போதும்டி, வை” என்று துண்டித்துவிட்டேன்.

கடையில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நானே திரும்ப அழைத்தேன்.

“சொல்லு” என்றேன். “மேல ஏறி வந்த உடனே, மொதல்ல எது தெரிஞ்சது?”